மழைக்கும் வெயிலுக்கும் ஒரே டயர் செட் போதுமா?

நண்பர்களே, என்னுடைய ஸ்விஃப்ட் காரை சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்கில் வருடத்துக்கு நான்கைந்து நாள் ஓட்டுகிறேன். பந்தயம் இல்லை, ஆசைக்குத்தான். டயர் அளவு 185/65 ஆர்15. வீட்டிலிருந்து அதே டயரில்தான் போய்வர வேண்டும்.

வெயிலில் நான்கு சுற்றுக்குள் 32 பிஎஸ்ஐ காற்று வைத்த முன் டயரின் அழுத்தம் சூட்டில் 38-ஐத் தாண்டி, திருப்பங்களில் வண்டி வெளியே இழுக்கிறது. செமி ஸ்லிக் எனும் டிராக் டயர் போட்டால் பிடிமானம் கூடும், சரி. ஆனால் அதில் தண்ணீரை வெளியேற்றும் கோடுகள் குறைவு. ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கினால் டயர் மிதக்குமே! போன நவம்பரில் பிரேக்கை அழுத்தியும் வண்டி நேராகவே போய் மண்ணில் இறங்கியது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

டிரெட்வேர் (தேய்மான எண், குறைந்தால் சீக்கிரம் தேயும்) 200 உள்ள டயரை மழையில் ஓட்டியவர்கள் இருக்கிறீர்களா? காற்று எவ்வளவு வைத்தீர்கள்? சற்று அகலமான 195/60-க்கு மாறலாமா? அனுபவத்தைச் சொல்லுங்கள்.