காகிதக்கூழ் முகமூடி: பூஞ்சை, சுருக்கம், உதிரும் மூக்கு. எங்கே தவறுகிறது?

பசைக்கிண்ணம்:

வணக்கம். ஆறாம் வகுப்பு, 36 பிள்ளைகள், வாரத்துக்கு இரண்டு பீரியட், ஒவ்வொன்றும் 40 நிமிடம். பலூன் மேல் செய்தித்தாள் ஒட்டிச் செய்யும் முகமூடி.

செய்த முறை: மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கத்தரியால் வெட்டிய பட்டைகளை முக்கி எடுத்து, ஒரே பீரியடில் ஐந்தாறு அடுக்கு ஒட்டினோம். பாதியை மூடிய அலமாரியில் வைத்தோம், பாதியை வெயிலில் வைத்தோம். அலமாரியில் இருந்தவற்றில் நாலாம் நாள் புளித்த வாடை, உள்பக்கம் சாம்பல் நிறப் பூஞ்சை. வெயிலில் வைத்ததில் சில பலூன்கள் வெடித்தன, மற்றவை மறுநாள் காலையில் கன்னம் ஒட்டிப்போய்க் குழி விழுந்திருந்தன. தப்பியவற்றில் கூழால் மூக்கு வைத்தோம். காய்ந்ததும் வெடித்து, முழுசாகக் கழன்று கையோடு வந்துவிட்டது. போஸ்டர் கலர் பூசினால் அச்செழுத்து தெரிகிறது, தொட்டால் நிறம் உதிர்கிறது.

அடுத்த பருவத்தில் இதே வேலையை மறுபடி எடுக்க வேண்டும். எதை மாற்றலாம்?

காகிதத்தச்சன்:

டீச்சர், நீங்கள் சொன்ன எல்லாக் கோளாறுக்கும் வேர் ஒன்றுதான்: தண்ணீர். உள்ளே எவ்வளவு போகிறது, எந்த வழியாக வெளியே வருகிறது என்று பார்த்து வேலையைப் பிரித்தால் பாதிச் சிக்கல் தீரும்.

முதலில் பசை. பச்சை மாவைக் கரைத்தால் அது பசை ஆகாது, மாவுத் தண்ணீர்தான். ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் மாவுச்சத்து நீரை உறிஞ்சி வீங்கிக் குழைகிறது. அதற்குப் பிறகுதான் ஒட்டும் தன்மை வரும். அளவு, 200 மி.லி. கப் கணக்கில்: மைதா 1 கப், குளிர்ந்த தண்ணீர் 1 கப், கொதிக்கும் தண்ணீர் 4 கப். குளிர்ந்த தண்ணீரில் மாவைக் கட்டியில்லாமல் முதலில் கரைத்துக்கொள்ள வேண்டும். நேரே கொதிநீரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும், அப்புறம் எவ்வளவு கிளறினாலும் கரையாது. கரைசலைக் கொதிநீரில் மெல்ல ஊற்றி, சிறு தீயில் விடாமல் கிளறினால் மூன்று நாலு நிமிடத்தில் வெண்மை குறைந்து கண்ணாடி போல ஆகும். அதுதான் பதம். ஆறினால் இன்னும் இறுகும், அதனால் கரண்டியிலிருந்து தாராளமாக வழியும்போதே இறக்கிவிடுங்கள்.

ஒரு முகமூடிக்கு இரண்டு அடுக்கு ஒட்ட ஏறக்குறைய 75 மி.லி. போகும். 36 பேருக்கு மூன்று கப் மைதா காய்ச்சினால் சரியாக வரும். அன்றைக்கே காய்ச்சியது நல்லது. மீந்ததை மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். பூஞ்சைக்கு உப்பு போடச் சொல்வார்கள். உப்பு பூஞ்சையைத் தடுக்கும்தான், ஆனால் ஈரக் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும், முகமூடி பிசுபிசுப்பாகவே நிற்கும். என் கணக்கில் அது வேண்டாம். சீக்கிரம் காய வைப்பதுதான் பூஞ்சைக்கு மருந்து.

பட்டைகளைக் கத்தரியால் வெட்டாதீர்கள், கிழிக்கச் சொல்லுங்கள். வெட்டிய ஓரம் காய்ந்த பிறகு படிக்கட்டு மாதிரித் துருத்தி நிற்கும். கிழித்த ஓரத்தில் நார் மெலிந்து முடிவதால் அடுத்த பட்டையோடு கலந்துவிடும். செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் பெரும்பாலும் நேராக வரும், குறுக்கே கிழித்தால் கோணும். இரண்டு பக்கமும் கிழித்துப் பார்த்தால் இழை ஓடும் திசை தெரிந்துவிடும். அகலம் 2.5 செ.மீ., நீளம் 8 முதல் 10 செ.மீ. கன்னம் வளையும் இடத்துக்கு அதில் பாதி. பளபளப்பான பத்திரிகைத் தாள் வேண்டாம், அது பசையை உறிஞ்சாது.

முக்குவதிலும் ஒரு முறை உண்டு. பட்டையைப் பசையில் நனைத்ததும் ஆட்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் இடையே விட்டு ஒருமுறை இழுக்க வேண்டும். மிச்சப் பசை கிண்ணத்திலேயே விழும். சொட்டச் சொட்ட ஒட்டுகிற பட்டைதான் நாலாம் நாள் பூஞ்சை பிடிக்கிறது. ஒட்டியபின் நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் தேய்த்தால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும்.

இனி பலூன். ரப்பர் காற்றை விடாது, அதனால் கூடு வெளிப்பக்கமாக மட்டும்தான் காயும். ஐந்தாறு அடுக்கை ஒரே நாளில் ஒட்டினால் மேல்தோல் காய்ந்து இறுகி, உள்ளே இருக்கும் ஈரத்தைச் சிறை வைத்துவிடுகிறது. ஒரு நாளைக்கு இரண்டு அடுக்குதான். முதல் அடுக்கு வெறும் தண்ணீரில், பசையே கூடாது. அதற்கு மேல் பசை அடுக்கு ஐந்து. இப்படிச் செய்தால் கூடு ரப்பரோடு ஒட்டாது. உங்களுக்குக் கன்னம் குழி விழுந்ததற்குக் காரணமும் இதுவே: வெயிலில் பலூன் காற்று விரிந்தது, ராத்திரிக் குளிரில் சுருங்கியது, ரப்பரோடு ஒட்டியிருந்த ஈரக் கூட்டையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டது. வெயில் வேண்டாம். நிழலில், காற்றோட்டத்தில், முடிச்சில் நூல் கட்டி, ஒன்றோடொன்று இடிக்காமல் 20 செ.மீ. இடைவெளியில் கொடியில் தொங்கவிடுங்கள். மின்விசிறி ஓடட்டும்.

36 பேருக்கு 36 பலூன் தேவையில்லை. முடிச்சிலிருந்து உச்சி வரை சுற்றி ஒரு கோடு போட்டு, ஒரு பலூனுக்கு இரண்டு பிள்ளைகள் என்று விடுங்கள். காய்ந்ததும் அந்தக் கோட்டில் அறுத்தால் இரண்டு முகம். 18 பலூன் போதும், தொங்கவிடும் இடமும் பாதியாகும்.

கூழ்க்கட்டி:

மூக்கு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

காகித நார் தண்ணீரில் ஊறினால் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். முழு மூக்கையும் கூழாலேயே பிடித்தால் வெளித்தோல் முதலில் சுருங்கி, உள்ளே இன்னும் ஈரமாய்ப் பருத்திருக்கும் உருண்டை மேல் இழுபட்டு வெடிக்கும். கூழின் கனம் 5 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. மூக்கின் உள்ளுருவை வறட்டுத் தாளைக் கசக்கி, மாஸ்கிங் டேப்பால் முகமூடியோடு இறுக்கிக் கட்டிவிட்டு, அதன் மேல் கூழைத் தோலாக மட்டும் பூச வேண்டும். புருவம், தாடை எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

கழன்று வந்ததற்குக் காரணம் வேறு. காய்ந்த வழவழப்பான கூட்டின் மேல் ஈரக் கூழை வைத்தால், அது சுருங்கும்போது பிடிமானம் இல்லாமல் உரிந்து வரும். ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் சுரண்டி, தண்ணீர் கலக்காத வெள்ளைப் பசையை (மைதாப் பசை அல்ல, ஃபெவிகால் மாதிரி கடைப் பசை) ஒரு பூச்சு தடவி, அது காய்வதற்குள் கூழை வைத்து ஓரங்களைத் தேய்த்து மெலிதாக்கிவிடுங்கள்.

கூழுக்குச் செய்தித்தாளை விடக் காகித முட்டைத் தட்டு நல்லது, சீக்கிரம் குழையும். 30 குழித் தட்டு மூன்று, ஏறக்குறைய 200 கிராம். கட்டைவிரல் நகம் அளவுக்குப் பிய்த்துச் சுடுநீரில் ஒரு ராத்திரி ஊறவிட்டு, நிறையத் தண்ணீரோடு கொஞ்சம் கொஞ்சமாக மிக்சியில் அரைக்கவும். சமையல் மிக்சி வேண்டாம், இதற்கென்று பழையது ஒன்று ஒதுக்கிவையுங்கள். துணியில் வடித்துப் பிழியும்போது ரொம்ப முறுக்கினால் கட்டி கட்டியாகிவிடும். பிடித்தால் சொட்டக் கூடாது, ஆனால் உள்ளங்கை நனைய வேண்டும். அதில் வெள்ளைப் பசை 100 மி.லி., மைதாப் பசை அரை கப், சாக் பவுடர் ஒரு கப் சேர்த்துப் பிசையுங்கள். சாக் பவுடர் சுருங்காது, கூழின் சுருக்கத்தைக் குறைப்பதே அதன் வேலை. அளவு மீறினால் காய்ந்தபின் பொருபொருவென்று உதிரும். பவுடரை நீங்களே கலந்து கொடுங்கள், வகுப்பில் பறக்க விட வேண்டாம்.

முடி போல மெல்லிய வெடிப்பு வந்தால் பயப்பட வேண்டாம். வெள்ளைப் பசையில் சாக் பவுடரைக் குழைத்து விரலால் அடைத்துவிடலாம்.

நிழல்மரம்:

தொடங்கும் முன் இரண்டு கேள்வி கேட்டாக வேண்டும். கோதுமை ஒவ்வாத பிள்ளை யாரும் உண்டா? இருந்தால் மைதாவை வகுப்புக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம், எல்லோருக்கும் வெள்ளைப் பசை 2 பங்கு, தண்ணீர் 1 பங்கு. ரப்பர் ஒவ்வாதவர் உண்டா? பலூனுக்குப் பதில் கவிழ்த்த கிண்ணம், மேலே பிளாஸ்டிக் உறை.

சுவர்த்தாள் ஒட்டும் பசையில் பூஞ்சை மருந்து கலந்திருப்பது உண்டு. பிள்ளைகள் கையில் அது கூடாது. பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்க்கும் பழைய வழக்கமும் வேண்டாம், அது நஞ்சு. வெடித்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள், கீழ் வகுப்புக் குழந்தை வாயில் போட்டால் மூச்சடைக்கும். பூஞ்சை பிடித்த முகமூடியைத் துடைத்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். காய்ந்த பூஞ்சையைத் தேய்த்தால் வித்துகள் வகுப்பு முழுக்கப் பறக்கும், அதுவும் முகத்தில் மாட்டப்போகிற பொருள். பையில் கட்டி எறிந்துவிடுங்கள்.

பசைக்கிண்ணம்:

மிக்க நன்றி. பச்சை மாவு, சொட்டும் பட்டை, மூடிய அலமாரி மூன்றுமே எங்கள் தவறு என்று புரிகிறது. இன்னும் மூன்று சந்தேகம். 40 நிமிடத்தில் இதை எப்படிப் பிரிப்பது? காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அட்டையில் வெட்டி ஒட்டிய காதும் கொம்பும் தாள் ஒட்டியபின் ஒரு பக்கமாக வளைந்துவிட்டன. அது ஏன்?

காகிதத்தச்சன்:

வளைந்தது ஒரே பக்கம் தாள் ஒட்டியதால். ஈரத் தாள் காய்ந்து சுருங்கும்போது அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். மறுபக்கமும் அதே எண்ணிக்கை அடுக்கு ஒட்டினால் இரண்டு இழுப்பும் சமன்பட்டு நேராக நிற்கும். அடிப்பக்கத்தில் 2 செ.மீ. விட்டு அதை நாலைந்து நாக்காக வெட்டி, மாற்றி மாற்றி முன்னும் பின்னும் மடித்து ஒட்டினால் கொம்பு ஆடாது.

காய்ந்ததா என்று கையால் தொட்டுப் பார்த்தால் ஏமாறுவீர்கள். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. சுண்டினால் ஈரக் கூடு மொத்தென்று ஒலிக்கும், காய்ந்தது டக்கென்று ஒலிக்கும். ஐயமே வேண்டாமென்றால் தராசில் ஒன்றை எடை போட்டு எழுதிவையுங்கள். அடுத்தடுத்த இரண்டு நாள் எடை இறங்காமல் நின்றால் காய்ந்துவிட்டது.

பீரியட் கணக்கு: முதல் நாள் தண்ணீர் அடுக்கும் ஒரு பசை அடுக்கும். இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் இரண்டு. ஒரு அடுக்கு செய்தித்தாள், அடுத்தது அச்சில்லாத தாள் என்று மாற்றிக் கொடுத்தால் எங்கே விட்டுப்போனது என்று பிள்ளைக்கே தெரியும். கடைசி அடுக்கு அச்சில்லாத தாளாக அமையட்டும். நாலாம் நாள் அறுப்பது. முடிச்சருகே சிறு துளை போட்டுக் காற்றை மெல்ல விட்டு, ரப்பர் தானாகப் பிரிந்து வருகிறதா என்று பாருங்கள். டப்பென்று குத்தினால் ஓரம் கிழியலாம். கத்தி வேலை உங்களுடையது. இரண்டாகப் பிளந்ததும் உள்பக்கத்தை மேலே காட்டி இன்னும் ஒரு நாளாவது காயவிட வேண்டும், இதுவரை காற்றே படாத பக்கம் அது. ஐந்தாம் நாள் கண்துளையும் விளிம்பும். விளிம்பின் மேல் சிறு பட்டைகளைக் குறுக்கே மடித்து ஒட்டாவிட்டால் அடுக்குகள் பிரிந்து இதழ் இதழாக வரும். ஆறாம் நாள் மூக்கு, ஏழாம் எட்டாம் நாள் வண்ணம். ஆக நாலு வாரம்.

ஒவ்வொரு பீரியடிலும் கடைசி 10 நிமிடம் சுத்தத்துக்கு. மீந்த பசையைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாயில் இறுகி அடைத்துக்கொள்ளும். பழைய தாளில் வழித்துக் குப்பையில் போடுங்கள்.

வெள்ளைப்பூச்சு:

வண்ணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. செய்தித்தாள் மேல் நேரே நிறம் பூசக் கூடாது. வெள்ளைப் பசை 1, தண்ணீர் 1, சாக் பவுடர் பாலாடைப் பதம் வரும் அளவு. இதுதான் அடிப்பூச்சு. முதல் பூச்சில் அச்சு மை கலந்து சாம்பலாகத் தெரியும். அது முழுக்கக் காய்ந்தபின்தான் இரண்டாவது, ஈரத்தில் பூசினால் மை மறுபடி மேலே வரும். இரண்டுக்கும் நடுவே 220 எண் உப்புத்தாளால் மெதுவாக ஒரு தேய்ப்பு.

போஸ்டர் கலரில் பசைப்பொருள் குறைவு, அதனால்தான் உதிர்கிறது. 4 பங்கு கலருக்கு 1 பங்கு வெள்ளைப் பசை கலந்து, கெட்டியாக ஒரு பூச்சு போடுவதை விட மெலிதாக இரண்டு போடுங்கள். உள்பக்கத்துக்கும் ஒரு வெள்ளைப் பூச்சு அவசியம், மூச்சுக்காற்றின் ஈரம் படும் பக்கம் அது.

எலாஸ்டிக் துளை விளிம்பிலிருந்து 1.5 செ.மீ. உள்ளே, கண் மட்டத்துக்குச் சற்று மேலே. துளை போடும் முன் இரண்டு பக்கமும் டேப் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் முதல் இழுப்பிலேயே கிழிந்துவிடும்.