பொருள்: மில்க் பாருக்குத் தமிழ், வியாழனுக்குள் வேண்டும்

சிட்னியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஞாயிறு தமிழ் வகுப்புப் பிள்ளைகள் ஊர் வரலாற்றுக் கண்காட்சி வைக்கிறார்கள். தலைப்பு, ஆஸ்திரேலியாவின் கிரேக்கக் கஃபேக்கள். வியாழனன்று பலகைகள் அச்சுக்குப் போகின்றன. அந்தக் கிரேக்கர்கள் நடத்திய ஆய்ஸ்டர் சலூனை 'சிப்பி உணவகம்' ஆக்கிவிட்டேன். சலூன் என்று விட்டால் தாத்தா பாட்டிமார் முடிவெட்டும் கடை என்று நினைப்பார்கள். குழாயிலிருந்து சோடா பிடித்துத் தரும் சோடா ஃபவுண்டன் 'சோடா ஊற்று'. மில்க் பார்தான் இடிக்கிறது.

தஞ்சாவூரிலிருந்து:
பால் + கடை = பாற்கடை. பாற்கடல், பாற்சோறு என்று நமக்குப் பழகிய புணர்ச்சிதானே அம்மா.

கோவையிலிருந்து:
புதிதாக எதற்கு? ஆவின் 'பாலகம்' தெருவுக்குத் தெரு இருக்கிறது. படித்த உடனே புரியும்.

சிட்னியிலிருந்து:
இரண்டிலும் பால் பாக்கெட் வாங்கி வீட்டுக்குப் போகிற நினைப்பு வருகிறதே. 1932 நவம்பர் 4 அன்று மிக் ஆடம்ஸ் (கிரேக்கப் பெயர் யோவாகிம் தவ்லாரிதிஸ்) சிட்னி மார்ட்டின் பிளேஸில் திறந்த கடையில் நீளமான மேடைதான் முக்கியம். அதன் முன் நின்றபடியே நாலு பென்னிக்கு மில்க்‌ஷேக் குடித்துவிட்டுப் போகலாம். அந்த 'பார்' சொல்லில் வரவேண்டும்.

மதுரையிலிருந்து:
கிரேக்கர் என்று எழுதுவதே எனக்கு உறுத்துகிறது. நம் சொல் யவனர். புறநானூறு 56இல் 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' வருகிறது. அன்று தேறல் (தெளிந்த மது), இன்று மில்க்‌ஷேக். அயோனியா, பாரசீகத்தில் யௌன, நம்மிடம் யவனர். 'யவனர் அருந்தகம்' என்று வையுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து:
ஐயா, நீங்களே சொன்னபடி அது பாரசீகம் சுற்றி வந்த சொல். ரோமரையும் நாம் யவனர் என்றுதானே சொன்னோம்? இந்தக் கடைக்காரர்கள் தங்களை எல்லினெஸ் என்பவர்கள், பலர் கிரேக்க நாட்டுக் கித்திரா தீவிலிருந்து வந்தவர்கள். ஆனால் 'அருந்தகம்' நல்ல சொல். பாலருந்தகம்?

சிட்னியிலிருந்து:
இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தக் கடைகளில் கிரேக்கச் சாப்பாடு கிடையாது. ஸ்டீக்கும் முட்டையும், மிக்ஸட் கிரில், அப்புறம் சண்டே என்கிற, மேலே பாகு ஊற்றிய ஐஸ்கிரீம். சோடா ஊற்று அமெரிக்காவிலிருந்து வந்தது. கடைப் பெயர்களும் நயாகரா, கலிபோர்னியா. வெள்ளையரல்லாதவரை ஒதுக்கிய அந்த நாட்டில் கிரேக்கரையும் அன்னியராகத்தான் பார்த்தார்கள். தங்கள் ஊர்ச் சமையலை வீட்டு அடுப்போடு நிறுத்திக்கொண்டு, கடைக்கு வந்தவர் கேட்டதைச் சமைத்துப் போட்டார்கள். எனக்கு மனதில் தைப்பது அதுதான். கடைப் பெயரில் யவனர் என்று நாமாக ஏற்றினால் அந்த வரலாறு மறைந்துவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
டீச்சர், எங்கட ஊரில் ஐஸ்கிரீம், ஜூஸ் விற்கிற கடையைக் கூல் பார் என்றுதான் சொல்லுகிறம். ஒருவரும் சாராயக் கடை என்று நினைப்பதில்லை. மில்க் பார் என்றே விடுங்கோ. 1916 முதல் 1955 வரை சிட்னி இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மாலை ஆறு மணிக்கே மதுக்கடை பூட்டியாகவேண்டும். பெண்களுக்கு அங்கே இடமில்லை. சினிமா விட்டு வருகிற பெண்களும் பிள்ளைகளும் போக ஒரு 'பார்' கிடைத்தது. அந்தச் சொல்லையே எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

கோவையிலிருந்து:
பாலருந்தகத்துக்கு என் வாக்கு. இன்று புதன், நேரமில்லை.

மதுரையிலிருந்து:
சரி, அருந்தகம் என்னுடையது என்பதால் ஒப்புகிறேன். யவனரைப் பற்றித் தனி மடல் எழுதுவேன்.

சிட்னியிலிருந்து:
மூன்று பேர் சொன்னதால் 'பாலருந்தகம்' என்று அனுப்பிவிட்டேன். மார்ட்டின் பிளேஸ் பலகையில் மட்டும் கீழே 'மில்க் பார்' என்றும் இருக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
மேலே எழுதவேண்டியதைக் கீழே எழுதியிருக்கிறீர்கள் டீச்சர். நான் இன்னும் உடன்படவில்லை.