மலையில ஆபீஸ் கம்ப்யூட்டர், கீழ வீடு: ரிமோட் கனெக்‌ஷன் எங்கே மாட்டுது?

கம்பம்:
வண்டன்மேட்டு ஏலக்காய்க் கடை. டாலி கணக்கு சாஃப்ட்வேர் இருக்கிற கம்ப்யூட்டர் மேல, கணக்கு பார்க்கிறவர் கீழ. விண்டோஸ் ப்ரோ, தூரத்துலேருந்து அதைத் திறக்கிற ரிமோட் டெஸ்க்டாப், ரெண்டு கம்ப்யூட்டரையும் தனி நெட்வொர்க்கா இணைக்கிற டெயில்ஸ்கேல், எல்லாம் சரி. ராத்திரி கரன்ட் போச்சு, யுபிஎஸ்ஸும் தீர்ந்துச்சு. காலையில கடைப் பையன் பட்டனை அழுத்திட்டு, "ஃபேன் சுத்துதுண்ணே"ங்கிறான். இங்க கனெக்ட் ஆகல. மானிட்டரை அவன் போடவே இல்ல. போட்டதும் கறுப்புத் திரையில ஒரு வரி: தொடர எஃப்1 அழுத்தவும். மதர்போர்டு பேட்டரி, அந்த சிஆர்2032, செத்திருக்கு. புதுசுல 3 வோல்ட், மீட்டர்ல 2.1 காட்டுச்சு. அது போனா தேதி மட்டுமில்ல, கரன்ட் வந்ததும் தானா ஆன் ஆகணும்னு பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி ஓடற அடிப்படை புரோகிராம்) வச்ச செட்டிங்கும் அழிஞ்சிரலாம். பேட்டரி மாத்தினா அதையும் திரும்ப வைக்கணும்.

பாறசாலை:
டெயில்ஸ்கேல் எதுக்கு? ரவுட்டர்ல ரிமோட் டெஸ்க்டாப்புக்கான வாசல், 3389 போர்ட்டைத் திறந்து விட்டா போதும். இங்க ஒரு ஜெராக்ஸ் கடையில அப்படித்தான் ஓடுது.

கொழிஞ்சாம்பாறை:
பாறசாலை சார், தயவுசெஞ்சு இன்னைக்கே மூடுங்க. அதே மாதிரி திறந்து வச்ச ஒரு மில் கம்ப்யூட்டர்ல ஈவென்ட் வியூவர், செக்யூரிட்டி லாக் பார்த்தோம். 4625, 4625னு பக்கம் பக்கமா தோத்துப்போன லாகின். 'அட்மினிஸ்ட்ரேட்டர்'ங்கிற பேர்லயே நொடிக்கு ரெண்டு மூணு. போர்ட் நம்பரை மாத்தினாலும் ஸ்கேன் பண்றவன் கண்டுபிடிச்சிருவான். பாஸ்வேர்ட் ஒண்ணு சிக்கினா பேக்கப் டிஸ்க் உட்பட எல்லாத்தையும் பூட்டிட்டுப் பணம் கேப்பான். இன்னொண்ணு, ரவுட்டர்ல வான் (WAN) ஐபி, அதாவது இன்டர்நெட் பக்க முகவரி பாருங்க. 100.64 முதல் 100.127க்குள்ள ஆரம்பிச்சா அது சிஜிநாட், ஒரே பப்ளிக் ஐபியைப் பல வீடு பங்கு போடுது. அங்க போர்ட் திறந்தும் பலனில்ல. டெயில்ஸ்கேல் உள்ளேயிருந்து வெளிய போய் இணையறதால அங்கயும் வேலை செய்யும்.

கம்பம் அண்ணே, நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். டெயில்ஸ்கேல் மெனுவுல 'ரன் அன்அட்டெண்டட்' டிக் இருக்கணும். இல்லேன்னா ரீஸ்டார்ட் ஆன பிறகு யாராவது லாகின் பண்ணாத வரைக்கும் அது எழாது. கீ எக்ஸ்பைரி, அதாவது திரும்ப லாகின் கேக்கிற கெடு, வழக்கமா 180 நாள்; ஆபீஸ் மெஷினுக்கு மட்டும் அட்மின் பக்கத்துல அதை நிறுத்துங்க. ஸ்லீப்பை 'நெவர்'ல வைங்க. நெட்வொர்க் வழியா மெஷினை எழுப்பற வேக்-ஆன்-லேனை நம்பாதீங்க. அந்த சிக்னல் அதே லேனுக்குள்ள (கடையோட உள் நெட்வொர்க்) இருந்து கிளம்பணும், எப்பவும் ஓடற இன்னொரு பெட்டி அங்க வேணும்.

செங்கோட்டை:
எல்லாம் சரியா இருந்தும் "பாஸ்வேர்ட் தப்பு"ன்னே வந்தா, போடறது 4 இலக்கப் பின் (PIN) நம்பரான்னு பாருங்க. ரிமோட் டெஸ்க்டாப் அதை ஏத்துக்காது, மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்னா அதோட பாஸ்வேர்டைத்தான் கேக்கும். மெஷின்ல பின் நம்பரே போட்டுப் பழகினவங்க சைன்-இன் ஆப்ஷன்ஸ்ல 'விண்டோஸ் ஹலோ (பின், முகம், கைரேகை) மட்டும்'ங்கிறதை ஆஃப் பண்ணி, சைன் அவுட் செஞ்சு, நேர்ல ஒரு தடவை பாஸ்வேர்ட் போட்டு நுழையணும். பாஸ்வேர்டே வைக்காத லோக்கல் அக்கவுன்ட்னா உள்ள விடவே விடாது.