அந்தப் படத்தை எங்கள் குழுவின் பெயரில் பகிரலாமா?

2022 டிசம்பர். ஸ்காட்லாந்தில் எங்கு போனாலும் பாலின அங்கீகார மசோதா பற்றித்தான் பேச்சு. மருத்துவச் சான்று இல்லாமல், 16 வயதிலிருந்தே, சட்டப்படி பாலினத்தை மாற்றிக்கொள்ள வழிசெய்யும் மசோதா அது. அந்த நேரத்தில்தான் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 'அடல்ட் ஹ்யூமன் ஃபீமேல்' ஆவணப்படத்தைத் திரையிடப் போவதாக அறிவிப்பு வந்தது. பெண் என்பது உடலின் பால், மனத்தின் அடையாளம் அல்ல என்று வாதிடும் பெண்ணியவாதிகளின் படம்.

நான் அப்போது அங்கே ஒரு சின்னப் பெண்கள் குழுவில் இருந்தேன். அடி உதைக்குத் தப்பி வரும் பெண்களுக்குத் துணிமணி, பால்மாவு, பஸ் காசு சேர்த்துக் கொடுப்போம். எங்களில் மூத்தவர் ஒருவர் அந்தச் சுவரொட்டியை வாட்ஸப்பில் போட்டு, "குழுவின் பெயரில் பகிர்வோமா?" என்று கேட்டார். விடிவதற்குள் நூற்றுச்சொச்சம் செய்திகள்.

சனிக்கிழமை நேரில் கூடினோம். மூத்தவர் பல வருடம் பெண்கள் தங்குமிடத்தில் வேலை பார்த்தவர். "ஆண் குரல் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் ஒளிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகப் பேசுவது வெறுப்பா?" என்றார். குரல் உடைந்துவிட்டது. நான் அவர் பக்கம்தான் பேசினேன். பகிர்வோம், பார்க்கிறவர்கள் முடிவு செய்யட்டும் என்றேன்.

எங்கள் குழுவில் ஒரு திருநங்கையும் இருந்தார். வாராவாரம் வந்து துணிகளை மடித்து அடுக்குவார். அன்று ஒரு குழந்தையின் ஸ்வெட்டரை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். கடைசியில், "இது நம் பெயரில் போனால், அடுத்த வாரம் நான் வரணுமா?" என்று மட்டும் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

திரையிடலைத் தடுத்தது தவறு என்றுதான் இன்றும் சொல்வேன். டிசம்பர் 14 அன்று அரங்கத்தைப் போராட்டக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். 2023 ஏப்ரலிலும் காட்ட முடியவில்லை. நவம்பரில்தான் நடந்தது. ஏற்பாடு செய்தவர்களும் பல்கலைக்கழக ஆசிரியர்கள், எதிர்த்ததும் அவர்களுடைய தொழிற்சங்கக் கிளை. ஆனால் ஒரு படம் திரையிடப்படலாம் என்பது வேறு, துணி மடிக்க வரும் ஒருவர் தலைக்கு மேல் அதன் சுவரொட்டியை ஒட்டுவது வேறு. அன்று எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தது.

பகிர வேண்டாம் என்று முடிவாயிற்று. மூத்தவர் அன்றே விலகினார். துணி மடிக்கும் அந்தத் திருநங்கையும் அடுத்த வாரம் வரவில்லை.

* * *

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் அந்த டிசம்பரில் அரங்கத்தை மறித்து நின்றவர்களில் ஒருத்தி. பார்க்க வந்த ஒரு பாட்டி, "நீ பார்த்துவிட்டாயா கண்ணு?" என்கிற மாதிரி கேட்டார். இல்லை என்றேன். வேறு எதுவும் சொல்ல வரவில்லை. அப்புறம் வீட்டில் தனியாகப் பார்த்தேன். கோபம்தான் வந்தது, என் கருத்தும் மாறவில்லை. ஆனால் ஏப்ரலில் நான் மறிக்கப் போகவில்லை. தோழிகள் சிலர் அதற்காக இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. உங்கள் குழுவில் அந்த இருவரும் இப்போது எப்படி இருக்கிறார்கள்?

* * *

தொடர்பு விட்டுப்போய்விட்டது, தங்கை. 2025 ஏப்ரல் 16 அன்று, சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்றால் உயிரியல் பால்தான் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, இருவருக்கும் தனித்தனியாக "எப்படி இருக்கிறீர்கள்?" என்று அனுப்பினேன். மூத்தவர் உடனே கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினார். மற்றவரிடமிருந்து இரண்டு நீல டிக் மட்டும் வந்தது.