உறுப்பினர் மீதான வழக்கை முடித்துக்கொள்ளும் முறை என்ன?

செம்பூர் சொசைட்டி செயலாளர்:
வணக்கம். மும்பையில் எங்கள் கூட்டுறவுக் குடியிருப்புச் சொசைட்டியில் மேல்தளத்து உறுப்பினர் ஒருவர், மொட்டைமாடி ஒழுகலைச் சரிசெய்யும்வரை பராமரிப்புக் கட்டணம் தரமாட்டேன் என்று நிறுத்திவிட, நாங்கள் நிலுவைக்காகக் கூட்டுறவு நீதிமன்றத்துக்குப் போனோம். ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. சென்ற மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பூஜை அலமாரிக்கு மேலே காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. சாமி படங்களைக் கூடத்து நாற்காலியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பார்த்த எனக்கு மனம் கேட்கவில்லை. அவர் அசலைக் கட்டச் சம்மதிக்கிறார். வட்டியை விட்டுவிட நாங்களும் தயார். வழக்கைத் திரும்பப் பெறுவதாக எழுதிக்கொடுத்தால் போதுமா?

மாட்டுங்கா வழக்கறிஞர்:
போதாது, ஐயா. வெறுமனே திரும்பப் பெற்றுவிட்டால், அவர் பணம் கட்டத் தவறும்போது அதே நிலுவைக்காக மறுபடி வழக்குத் தொடுப்பது சிக்கலாகிவிடும். நீங்கள் மாடியைச் சரிசெய்யத் தவறினால் அவர் கையிலும் ஒன்றும் இருக்காது. தொகை, தவணை, பழுதுபார்க்கும் கெடு எல்லாவற்றையும் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, நீதிமன்றத்தில் தாக்கல் செய்து அதன்படியே தீர்ப்புப் பெறுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 23ஆம் கட்டளையின் 3ஆம் விதியும் சமரசம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. வட்டித் தள்ளுபடியைச் செயற்குழு மட்டும் முடிவுசெய்யாமல், முதலில் பொதுக்குழுவில் தீர்மானமாக நிறைவேற்றிக்கொள்ளுங்கள்.

முலுண்ட் வாசி:
எங்கள் கட்டடத்தில் சமரசம் ஆன மறுமாதமே, அந்த அம்மாளுக்குப் போன பில்லில் பழைய நிலுவையும் வட்டியும் அப்படியே அச்சாகியிருந்தன. கணக்கர் பேரேட்டைத் திருத்தவே இல்லை. அந்த அம்மாள் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலக வாசலில் அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. பேரேட்டுத் திருத்தத்தையும் நிலுவையில்லைச் சான்றையும் நிபந்தனையாகவே எழுதுங்கள். வட்டியையும் ஒருமுறை சரிபாருங்கள்: மகாராஷ்டிர அரசு சொசைட்டிகளுக்கு வகுத்த 2014 மாதிரித் துணைவிதிகள் அனுமதித்தது ஆண்டுக்கு அதிகபட்சம் 21 சதவீதத் தனிவட்டிதான், கூட்டுவட்டி அல்ல.

மாட்டுங்கா வழக்கறிஞர்:
இன்னொன்று. மழைநீர் மொட்டைமாடி வழியாக இறங்கி மேல்தளக் கூரையும் பூச்சும் கெட்டால், அதே துணைவிதிகளின்படி அந்தச் செலவு சொசைட்டியைச் சேர்ந்தது. ஆகவே அதை அவருக்குச் செய்யும் சலுகைபோல் எழுதாதீர்கள். மே மாதத்துக்குள் முடிப்போம் என்று தேதியிட்டு எழுதுங்கள்.

செம்பூர் சொசைட்டி செயலாளர்:
மிக்க நன்றி. பொதுக்குழு அறிவிப்பை இன்றே தயாரிக்கிறேன். வாட்டர்ப்ரூஃபிங் ஒப்பந்தக்காரர் ஞாயிறு காலை மாடியைப் பார்க்க வருகிறார். அந்த உறுப்பினரையும் உடன் வரச் சொல்லியிருக்கிறேன், வருவதாகச் சொன்னார்.