வங்கி வேலையும் உடம்பும்: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

மஞ்சக்குப்பம் காசாளர்:
பணமதிப்பிழப்பு நாட்களில், 2016 நவம்பர் 10 முதல் டிசம்பர் 30 வரை, கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. கேஷ் கேபினை விட்டு எழ வேண்டுமானால் பணத்தைச் சரிபார்த்துப் பூட்ட வேண்டும். பூட்டினால் வரிசையில் சத்தம் எழும். அவசரத்தில் ஒரு தாள் தவறினாலும் மாலையில் கைக்காசைப் போட்டுக் கட்ட வேண்டும். எழாமல் இருக்க ஒரே வழி தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், பழைய ஐந்நூறு ரூபாய்த் தாள்களைக் கணக்கில் போட தேவனாம்பட்டினத்திலிருந்து வந்திருந்த மீன்காரம்மா, ஜன்னலருகே வந்ததும் சலானை நீட்டாமல், "நான் உள்ள வந்து ரெண்டு மணி நேரம் ஆச்சு, அந்தத் தண்ணி பாட்டில் மூடிகூடத் தெறக்காம அப்படியே இருக்கே கண்ணு" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அன்று இரவே குளிர்காய்ச்சல். சிறுநீர்த் தொற்று என்றார்கள். அதன்பின் இரண்டு முறை வந்துவிட்டது. நோயைவிட அந்த அம்மாவின் முகம்தான் நினைவில் நிற்கிறது.

வில்லியனூர்ப் பக்கத்து மேலாளர்:
சகோதரியின் துன்பத்தை மறுக்கவில்லை. ஆனால் காசாளருக்குக் கணக்கு நேரானதும் அன்றைய பாரம் இறங்கிவிடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மேலாளருக்கு அது இறங்குவதே இல்லை. இத்தனை காப்பீடு, இத்தனை நகைக்கடன், இத்தனை புதிய கணக்கு என்ற கேள்வி காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, வாட்ஸப்பில் நாள் முழுவதும் வரும். தலைசுற்றல் என்று மருத்துவரிடம் போயிருந்தேன். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றிக்கொண்டிருக்கும்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது, மண்டல அலுவலகம். மற்ற கையால் எடுத்து, "நாளைக்குள் முடித்துவிடுகிறேன் சார்" என்று சொல்லி முடிப்பதற்குள் மருத்துவர் பட்டையைக் கழற்றிவிட்டார். 170க்கு 110. "இந்த அளவை எழுதிக்கொள்வதா, போனை வைத்தபின் மறுபடி பார்ப்பதா?" என்று அவர் கேட்டது கேலி அல்ல என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

திருப்பாதிரிப்புலியூர், ஓய்வு பெற்றவர்:
யாருடைய பாரம் பெரிது என்ற வழக்கே தேவையற்றது. என் கதை சிறியது: பல ஆண்டுகள் நகை மதிப்பீட்டாளரின் பக்கத்து மேசை, உரைகல்லில் அவர் அமிலம் விடும்போதெல்லாம் எனக்குத் தொண்டை கரகரக்கும், ஜன்னல், பாதுகாப்புக்காக மூடியே இருந்தது. இளையவர்களுக்குச் சில வார்த்தைகள். நோட்டு எண்ண எச்சில் தொடாதீர்கள். பஞ்சுக் கிண்ணத்துத் தண்ணீரை அன்றாடம் மாற்றுங்கள், பலர் வாரக்கணக்கில் மாற்றுவதில்லை. கணினித் திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருக்கட்டும். தேவையானால் பழைய பேரேடு இரண்டை அடியில் வையுங்கள், அவற்றுக்கு இனி வேறு வேலை இல்லை. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இருபது அடி தள்ளி இருபது வினாடி பாருங்கள். நாற்காலியில் கால் தொங்கினால் அடியில் பலகை போடுங்கள். மதியச் சாப்பாட்டை மூன்றரை மணிக்குத் தள்ளாதீர்கள். ஐந்து நாள் வேலை வந்தால் எல்லாம் தீரும் என்று காத்திருக்கவும் வேண்டாம். 2015 செப்டம்பரில் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறையானபோது, அதுவரை அரைநாளாக இருந்த மற்றச் சனிக்கிழமைகள் முழுநாளாகிவிட்டதை நான் பார்த்தவன்.

முத்தியால்பேட்டை:
ஐயா, வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போது இருபது வினாடி தள்ளிப் பார்த்தால் அங்கே தெரிவது நாற்பதாவது ஆளின் முகம்தான். அறிவுரைக்கு நன்றி, ஆனால் நாற்காலிக்குப் பலகை போடுவதும் மாற்று ஆள் தருவதும் எங்கள் கையில் இல்லை.

புதுச்சேரியில் ஒரு கரன்சி செஸ்ட்டில், அதாவது ரிசர்வ் வங்கிக்காக நோட்டுகளைச் சேமித்து வைக்கும் வங்கிக் கிடங்கில், இருந்தேன். ஆயிரம் தாள் கொண்ட கட்டுகள், எந்திரத் தூசி, நாள் முழுவதும் தும்மல். இத்தகைய இடங்களில் இருப்பவர்களை ஆண்டுக்கு ஒரு முறை, முன்னறிவிப்பின்றி, குறைந்தது பத்து வேலை நாள் விடுப்பில் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எங்கள் உடம்புக்காக வந்த விதி அல்ல. நாங்கள் இல்லாதபோது மோசடி ஏதேனும் வெளிப்படுகிறதா என்று பார்ப்பதற்காக. எனக்கு அது கிடைத்த ஆண்டு, வீட்டில் படுத்திருந்த மூன்றாம் இரவு மனைவி என்னை எழுப்பி, "என்னங்க, தூக்கத்துலகூட எண்ணிக்கிட்டிருக்கீங்க" என்றாள். விளக்கைப் போட்டுப் பார்த்தால் என் வலது கட்டைவிரல் ஆள்காட்டி விரலின்மேல் தேய்ந்துகொண்டிருந்தது. எத்தனை ஆண்டுகளாக அப்படி என்று கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ அது நின்றது, தும்மலும் குறைந்தது. விடுப்பு முடிந்து உள்ளே போனேன். எதுவும் குறையவில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு முதல் கட்டைக் கொடுத்தார்கள்.