மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்தபோது

டாக்டரே இல்லாத ஊர்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். டாக்டர்கள் மாறிக்கொண்டே இருக்கும் ஊர்களில் வயதானவர்கள் படும் பாட்டையும் சொல்ல வேண்டும். வீடு தேடிப் போய் முதியவர்களைப் பார்க்கும் செவிலியர் நான்.

எண்பதைத் தாண்டிய ஒரு அம்மா. இரண்டு காலும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. இரவில் சிறுநீர் கழிக்கப் பலமுறை எழுவார். அப்படி எழுந்தபோதுதான் விழுந்துவிட்டார். "வயதாகிவிட்டது, வேறென்ன" என்றார். மாத்திரைகளையெல்லாம் கட்டிலில் கொட்டச் சொன்னேன். வெவ்வேறு பெயரில் இருந்த இரண்டு அட்டைகளைத் திருப்பி, பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால், இரண்டிலும் அம்லோடிபின்! முதல் டாக்டர் ஒரு கம்பெனி மாத்திரை எழுதியிருக்கிறார், அவருக்குப் பின் வந்தவர் இன்னொன்று. அந்த அம்மா இரண்டையும் விடாமல் சாப்பிட்டிருக்கிறார். இரத்த அழுத்தத்துக்கான இந்த மருந்து கணுக்காலை வீங்க வைக்கும், அளவு கூடினால் வீக்கமும் கூடும். மூன்றாமவர் வீக்கத்தைப் பார்த்து நீர் பிரியும் மாத்திரை கொடுத்துவிட்டார். இரவு நடமாட்டமும் விழுந்ததும் அதன் பலன். மூவரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. கண்ணெதிரே இருந்ததற்கு ஒவ்வொருவரும் மருந்து எழுதியிருக்கிறார்கள். பணியில் இருந்த டாக்டரிடம் போனில் சொன்னேன். ஒரு அம்லோடிபினையும் நீர் மாத்திரையையும் அவர் நிறுத்தினார். வீக்கம் வடிந்தது.

ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் காட்டி வருபவர்களுக்கு, ஓராண்டே பழகியவர்களைவிட மருத்துவமனையில் சேர வேண்டிய நிலையும் இறப்பும் கால் பங்கு அளவுக்குக் குறைவு என்று நார்வேயில் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. எனக்கு அதில் வியப்பே இல்லை. வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர் கிராமம் ஒன்றில் பல்லாண்டுகள் டாக்டராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், தேவை அதிகமுள்ள இடத்தில்தான் நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-லேயே எழுதிவிட்டார். ஊரோடு தங்கியவருக்குத்தான் அது கண்ணில் பட்டிருக்கிறது.

காணொளி வழி மருத்துவம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களிடம் ஒரு கேள்வி: அந்த அட்டைகளைத் திருப்பிக் காட்டுவது யார்?

இப்போது நான் போகும் வீடுகளில் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் அளவையும் ஒரே தாளில் பெரிதாக எழுதிக் கொடுக்கிறேன். புதிதாக வரும் டாக்டர்களில் சிலர் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். சிலருக்குக் கோபம் வருகிறது.